கஸ்டம் கிட்டார் ஆர்டர்: நெக்கின் முதுகும் ஃபிரெட்போர்டின் வளைவும்

கஸ்டம் எலக்ட்ரிக் கிட்டார் செய்யக் கொடுக்கும்போது ஆர்டர் தாளில் இருபது முப்பது கேள்விகள் இருக்கும். பிக்கப், டியூனர், பெயின்ட், நாப் எதுவானாலும் பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெக்கின், அதாவது கை பிடிக்கும் நீண்ட கழுத்தின், முதுகும் அதன் முன்பக்கத்து விரல் பலகையான ஃபிரெட்போர்டின் வளைவும் அப்படியல்ல. இழைத்து எடுத்த மரம் திரும்ப வராது. வளைவை மாற்ற, பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்களைப் பிடுங்கிப் பலகையைத் தேய்த்துப் புதிய ஃபிரெட் அடிக்க வேண்டும். 7.25 இன்ச் ஆரமுள்ள வளைவை 12 இன்சுக்குத் தட்டையாக்க, கடைசி ஃபிரெட் அருகே நடுவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 0.85 மி.மீ. மரம் போகும். அதோடு பொறித்த புள்ளிகளும் மெலியும், ஃபிரெட் பள்ளங்களும் ஆழம் குறையும்.

இந்த இரண்டில் பலரும் மண்டையைக் குடைந்துகொள்வது வளைவின் ஆரமான ரேடியஸ் பற்றித்தான். அது ஒரே எண், ஒப்பிட வசதி. நெக் வடிவத்தையோ "சி வேண்டும்" என்று ஓர் எழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் கவலையை இடம் மாற்ற வேண்டும். நியாயமான எல்லைக்குள் எந்த ரேடியஸுக்கும் கை சில வாரங்களில் பழகிவிடும். கைக்கு ஒத்துவராத நெக்கோ வாசிக்கிற ஒவ்வொரு நாளும் கட்டைவிரல் அடியில் வலியாகத் தெரியும்.

முதலில் வளைவு. ஃபிரெட்போர்டின் குறுக்குவெட்டு ஒரு வட்டத்தின் சிறு துண்டு. அந்த வட்டத்தின் ஆரம்தான் ரேடியஸ். எண் சிறிதானால் வளைவு அதிகம். பழைய ஃபெண்டர்கள் 7.25 இன்ச், இன்றைய ஃபெண்டர்கள் பெரும்பாலும் 9.5, பி.ஆர்.எஸ். 10, கிப்சன் 12, இபானெஸின் மெல்லிய நெக்குகள் 400 அல்லது 430 மி.மீ., அதாவது ஏறக்குறைய 16, 17 இன்ச். எண்கள் தூரமாகத் தெரிந்தாலும் மரத்தில் வித்தியாசம் சிறியது. 12வது ஃபிரெட்டில் பலகை 52 மி.மீ. அகலம் என்றால், நடுவைவிட ஓரம் 7.25 இன்சில் 1.84 மி.மீ. தாழ்ந்திருக்கும், 9.5-ல் 1.40, 12-ல் 1.11, 16-ல் 0.83. வேறு எந்த அளவுக்கும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: அகலத்தின் வர்க்கத்தை ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும், இரண்டும் மி.மீ.-ல்.

வளைந்த பலகையில் முதல் சில ஃபிரெட்களில் கார்டு பிடிப்பது சுகம். ஆள்காட்டி விரலை நீட்டி எல்லாத் தந்திகளையும் அழுத்தி பார் பிடிக்கும்போது, விரலின் இயல்பான வளைவும் பலகையின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்தும். சிக்கல் மேல் ஃபிரெட்களில் தந்தியை இழுக்கும்போது வருகிறது. முதல் தந்தி பலகையின் தாழ்ந்த ஓரத்தில் இருக்கிறது. அதை நடுவை நோக்கி இழுத்தால் விரல் வைத்த இடம் மேடேறுகிறது, பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்து முனையோ ஓரத்திலேயே நிற்கிறது. இடையில் தந்தி சாய்வாகப் போகிறது. அந்தச் சாய்வுப் பாதையில் பலகை மேல்நோக்கிப் புடைத்திருப்பதால் அடுத்த ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். சுருங்கி ஃபிரெட்டைத் தொட்டுவிட்டால் ஸ்வரம் செத்துவிடும்.

எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போடலாம். 25.5 இன்ச் ஸ்கேல் (தலைப்பக்கத்தில் தந்தி ஏறும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளம்), நேரான நெக், மட்டமான ஃபிரெட்கள், 12வது ஃபிரெட்டில் ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) 1.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12வது ஃபிரெட்டில் முதல் தந்தியை அழுத்தினால் 13வது ஃபிரெட்டுக்கு மேல் 0.13 மி.மீ. இடைவெளி இருக்கும். அதே தந்தியை நடுக்கோட்டுக்கு 5 மி.மீ. அருகே வரை இழுத்தால், 7.25 இன்ச் பலகையில் அது 0.07 ஆகிறது. 9.5-ல் 0.09, 12-ல் 0.10, 16-ல் 0.11. ஃபிரெட் லெவலிங்கில், அதாவது ஃபிரெட்களை ஒரே மட்டமாகத் தேய்ப்பதில், 0.05 மி.மீ. பிசகியிருந்தாலும் 7.25-ல் ஸ்வரம் அடைபடும்.

இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். 7.25-லிருந்து 12-க்குப் போனால் கிடைக்கும் லாபம் பெரியது. 12-லிருந்து 16-க்குப் போனால் கிடைப்பது 0.01 மி.மீ. அதை ஃபிரெட் லெவலிங் சுத்தமாக இருந்தாலே ஈடுகட்டிவிடலாம். 12-க்கும் 16-க்கும் நடுவே வாரக்கணக்கில் திணறுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டில் எதையாவது எழுதிவிட்டு, மிச்சமாகும் காசை ஃபிரெட் வேலைக்குக் கொடுங்கள்.

7.25 கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். அதற்கு ஆக்‌ஷனைக் கொஞ்சம் ஏற்றி வாசிக்க வேண்டும், அவ்வளவே. ஃபெண்டரின் செட்டப் குறிப்பே அப்படித்தான் சொல்கிறது. 17வது ஃபிரெட்டில் அளந்தால், 7.25 பலகைக்குத் தடித்த தந்திப் பக்கம் 5/64 இன்ச், ஒல்லித் தந்திப் பக்கம் 4/64. 9.5 முதல் 12 வரை இரு பக்கமும் 4/64. 15 முதல் 17 வரை 4/64, 3/64. மில்லிமீட்டரில் இவை முறையே சுமார் 2.0, 1.6, 1.2. ரிலீஃப், அதாவது நெக்கின் முன்பக்கக் குழிவு, அதே வரிசையில் 0.012, 0.010, 0.008 இன்ச். ரிதம் வாசிப்பவருக்கு 2 மி.மீ. ஆக்‌ஷன் ஒரு குறையே இல்லை.

கர்நாடக இசையை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிப்பவர்களுக்கு மட்டும் நான் தயங்காமல் 12-க்குக் குறையாமல் போடச் சொல்வேன். ஒரே ஃபிரெட்டில் நின்று மூன்று நான்கு ஸ்வரம் தள்ளி இழுக்கும் கமகத்தில், தந்தி நடுக்கோட்டைத் தாண்டியே போய்விடும். மேலே சொன்ன கணக்கைவிட மோசமான நிலைமை அது. ஃபிரெட்டின் உயரமும் இங்கே முக்கியம். டன்லப் 6230 கம்பி 0.043 இன்ச் உயரம்தான், விரல் நுனி மரத்தில் உரசும். 6105, 6100 இரண்டும் 0.055 இன்ச். அந்த 0.3 மி.மீ. கூடுதல் உயரத்தில் விரல் தந்தியின் அடியில் புகுந்து பிடித்துக்கொள்ளும். 1970-களில் சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லின் வாசித்த அகூஸ்டிக் கிட்டாரில் ஃபிரெட்களுக்கு இடையே மரத்தையே குடைந்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு முதல் கஸ்டம் கிட்டாரிலேயே குடையச் சொல்ல வேண்டாம். உயரமான ஃபிரெட்டில் ஒரு வருடம் வாசித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் அப்போது குடையலாம்.

இனி காம்பவுண்ட் ரேடியஸ். நட் பக்கம் வளைவு அதிகம், பாடி பக்கம் தட்டை. பலகை உருளையாக இல்லாமல் கூம்பாக இருக்கும். தந்திகள் நட்டில் நெருங்கியும் பிரிட்ஜில் விரிந்தும் போவதால் கூம்புதான் அவற்றுக்கு இயல்பான மேற்பரப்பு. எந்த விகிதம் சரியான கூம்பு என்பதையும் கணக்குப் போடலாம். முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே நட்டில் 35 மி.மீ., பிரிட்ஜில் 52 மி.மீ. என்றால், 22வது ஃபிரெட்டில் சுமார் 47. ரேடியஸும் இதே விகிதத்தில் வளர வேண்டும். 10-ல் தொடங்கினால் 22வது ஃபிரெட்டில் 13.5, 12-ல் தொடங்கினால் 16. ஆக 10–14, 12–16 என்று விற்கப்படும் அளவுகள் வடிவியலுக்கு மிக நெருக்கம். நெக் செய்து விற்கும் வார்மோத் கம்பெனி தரும் 10–16 இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தட்டையாகிறது, அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

காம்பவுண்ட் இல்லாவிட்டால் எவ்வளவு நஷ்டம்? இழுக்காமல் வாசிக்கும்வரை ஏறக்குறைய ஒன்றுமில்லை. 7.25 இன்ச் உருளைப் பலகையில்கூட ஓரத் தந்திகளுக்கு அடியில் வரும் மேடு 0.025 மி.மீ. மட்டுமே. நல்ல ஆள் கையில் கிடைத்தால், ஃபிரெட்டை லெவல் செய்யும்போது அரத்தைத் தந்திகளின் பாதையிலேயே ஓட்டி அதையும் எடுத்துவிடுவார். இழுவை அதிகம் உள்ளவர்களுக்குக் காம்பவுண்ட் நிஜமான பயன். ஆனால் செய்பவரிடம் கூம்பாகத் தேய்க்க உதவும் ஜிக் இருக்கிறதா என்று கேளுங்கள். நேரான ரேடியஸ் கட்டையை வைத்துக்கொண்டு கண் மதிப்பில் கூம்பு தேய்க்கும் இடத்தில், சுத்தமான 12 இன்ச் வாங்குவதே மேல்.

வளைவை முடிவு செய்யும் முன் பிரிட்ஜை முடிவு செய்யுங்கள். தந்தி படியும் ஆறு சேடிலும் தனித்தனியே ஏறி இறங்கும் ஃபெண்டர் வகையில் எந்த வளைவும் வைக்கலாம். கிப்சன் வகையான டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜில் வளைவு 12 இன்சுக்கென்றே அமைந்திருக்கும். அதை 7.25 பலகையில் போட்டால், நடுத் தந்திகளுக்குச் சரியாக வைத்த பிறகும் ஓரத் தந்திகள் பிரிட்ஜில் 0.73 மி.மீ. உயர்ந்து நிற்கும். 12வது ஃபிரெட்டில் அது 0.36 மி.மீ. கூடுதல் ஆக்‌ஷன். சேடில் பள்ளத்தை அரத்தால் ஆழமாக்கிச் சரிக்கட்ட வேண்டியதுதான். 9.5 என்றால் அந்த வித்தியாசம் 12வது ஃபிரெட்டில் 0.15, பொறுத்துக்கொள்ளலாம். தந்திகளைப் பூட்டிவைக்கும் ஃபிளாய்ட் ரோஸ் வகையில் சேடில்களின் உயரத்திலேயே வளைவு அடங்கியிருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் அடியில் மெல்லிய தகடு வைக்க வேண்டும். பூட்டு நட்டின் வளைவை மாற்றவே முடியாது. காம்பவுண்ட் பலகையில் சேடில்களைக் கடைசி ஃபிரெட்டின் ரேடியஸுக்கு வைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. கூம்பு பிரிட்ஜ் வரை நீள்கிறது என்று எண்ணி அதைவிடத் தட்டையாக வைக்க வேண்டும். 10–16 பலகைக்கு அது சுமார் 18 இன்ச்.

வளைவு அதிகமான பலகையில் பட்டறையில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பலகை தட்டையாக இருக்கும்போதே ஃபிரெட் பள்ளங்களை அறுத்துவிட்டு அதன் பிறகு வளைவு தேய்ப்பது வழக்கம். பள்ளத்தின் அடிப்பகுதி நேர்கோடாக இருக்கும், மேற்பரப்பு மட்டும் ஓரங்களில் இறங்கும். 56 மி.மீ. அகலமுள்ள கடைசி ஃபிரெட்டில் 7.25 ரேடியஸ் ஓரத்தை 2.1 மி.மீ. இறக்குகிறது. 3.2 மி.மீ. ஆழமாக அறுத்த பள்ளம் ஓரத்தில் 1.1 ஆகிவிடும். ஃபிரெட்டின் அடிநாக்கு அதில் முழுதாக உட்காராது. மேலே பார்த்தால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். சில மாதங்களில் ஓரம் எழும்பி முதல் தந்தி அதிர ஆரம்பிக்கும். தேய்த்த பிறகு ஓரங்களை மறுபடி ரம்பத்தால் ஆழப்படுத்துவீர்களா என்று செய்பவரிடம் முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. ஃபிரெட் கம்பியைப் பலகையைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்து அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 12 இன்ச் பலகைக்குக் கம்பியை 10 இன்ச் அளவுக்கு வளைத்தால் ஓரங்கள் தாமாகவே கீழே அழுத்திக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி திமிறும், அதை இன்னும் சற்று வளைக்க வேண்டும்.

இனி நெக்கின் முதுகு.

சி, டி, யு, வி என்று குறுக்குவெட்டின் சாயலைச் சொல்லும் எழுத்துகள் பேச்சுக்கு உதவும், ஆர்டருக்கு உதவாது. ஒரு கம்பெனியின் சி இன்னொரு கம்பெனியின் டி-யைவிடத் தட்டையாக இருக்கும். நெக்கை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: முதல் ஃபிரெட்டில் தடிமன், 12வது ஃபிரெட்டில் தடிமன், தோள். தோள் என்று நான் சொல்வது முதுகின் நடுவுக்கும் பலகையின் ஓரத்துக்கும் இடையே உள்ள சதைப்பற்று. தடிமனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கை உண்மையில் உணர்வது பெரும்பாலும் தோளை. ஒரே 21 மி.மீ. தடிமனில், தோள் நிரம்பிய நெக் கட்டை மாதிரி இருக்கும், தோள் சரிந்த நெக் மெல்லியது என்று கை நம்பும்.

தடிமனுக்குச் சில அடையாளக் கற்கள். ஃபெண்டரின் மாடர்ன் சி முதல் ஃபிரெட்டில் 0.82 இன்ச், 12-ல் 0.92, அதாவது 20.8, 23.4 மி.மீ. இபானெஸ் விசார்ட் 3 19, 21 மி.மீ. சூப்பர் விசார்ட் 17, 19. கிப்சனின் 59 வடிவம் என்று சொல்லப்படுபவை சுமார் 23-ல் தொடங்கி 25 வரை போகும். இதற்கும் மேலே 25.4 மி.மீ. சமமாகப் போகும் தடித்த நெக்குகளும் உண்டு.

சிறிய கைக்கு மெல்லிய நெக் என்பது பரவலான நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லிய தட்டையான நெக்கில் உள்ளங்கைக்குப் பிடிமானம் இல்லை, கட்டைவிரல் நுனியும் மற்ற விரல்களும் இடுக்கி போல நெரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் பார் கார்டு வாசித்தால் கட்டைவிரல் அடியில் உள்ள தசை சோர்ந்துவிடும். கை நிறையும் நெக்கில் அழுத்தம் உள்ளங்கை முழுக்கப் பரவுகிறது. சிறிய கைக்கு எட்டவில்லை என்றால் குறைக்க வேண்டியது பெரும்பாலும் நட் அகலத்தையும் தோளையும். நட் 43 மி.மீ.-லிருந்து 42-க்கு இறங்கினாலே ஆறாவது தந்தியை எட்டுவதில் வித்தியாசம் தெரியும்.

கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். வடிவத்தை அதுவே சொல்லிவிடும். விரலை நெக்கின் நடுவில் நிறுத்தி, வேகமான ஸ்கேல் வாசிப்பவர்களுக்கு முதுகு தட்டையாக இருந்தால் கட்டைவிரல் படிந்து நிற்கும், டி பொருந்தும். கட்டைவிரலைப் பலகைக்கு மேலே கொண்டுவந்து ஆறாவது தந்தியை அழுத்துகிறவர்களுக்கு வி வடிவம் சுகம். முதுகின் முனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள குழியில் உட்கார்ந்துகொள்ளும். எரிக் கிளாப்டன் பெயரில் 1988-ல் வந்த ஸ்டிராட்டில் மென்மையான வி இருப்பதற்கு அந்த வாசிப்பு முறையே நியாயம். இரண்டும் கலந்து வாசிப்பவர்கள் சமச்சீரற்ற வடிவம் கேட்கலாம்: தடித்த தந்திப் பக்கத் தோள் நிறைவாகவும், ஒல்லித் தந்திப் பக்கத் தோள் சரிந்தும். நல்ல யோசனை. ஆனால் இதைக் கையில் ஒரு மாதிரி நெக் இல்லாமல் வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

மெல்லிய நெக்குக்கு விலையும் உண்டு. நெக் வளைந்துபோவதை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 20-லிருந்து 22 மி.மீ.-க்குப் போனால் மரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகும். 20-லிருந்து 17-க்கு இறங்கினால் நாற்பது சதவீதம் வரை இழக்கிறீர்கள். மெல்லிய நெக் பருவம் மாறும்போதெல்லாம், நெக்கை நேராக்க உள்ளே வைத்த கம்பியான டிரஸ் ராடைத் திருகச் சொல்லும். 19 மி.மீ.-க்குக் கீழே போவதென்றால் ராடின் இரு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டை வைக்கச் சொல்லுங்கள். அதைவிட அடிப்படையான தடையும் இருக்கிறது. பலகை 6 மி.மீ., இரு பக்கமும் திருகும் குட்டை வகை ராடுக்கான பள்ளம் 9.5, அதற்கும் முதுகுக்கும் நடுவில் குறைந்தது 3 மி.மீ. மரம். கூட்டினால் 18.5. வழக்கமான ராடுக்கு 11 மி.மீ. பள்ளம் வேண்டும், அப்போது 20. முதல் ஃபிரெட்டில் 17 மி.மீ. கேட்பவர் பலகையையும் ராடையும் மெல்லியதாக மாற்றச் சொல்லித்தான் கேட்க முடியும். இதைச் சொல்லாமல் 17 என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், முதுகை இழைக்கும்போது ராடின் அடிப்பகுதி வெளியே தெரிந்துவிடும் அபாயம் உண்டு.

பிடித்த நெக் ஒன்று, உங்களுடையதோ நண்பருடையதோ, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதை இப்படி அளந்து எடுங்கள். வெர்னியர் காலிப்பரால் 1, 3, 5, 7, 9, 12 ஃபிரெட்களில் தடிமன். காலிப்பரின் தாடை ஃபிரெட்டின் தலையில் படுவதால் ஃபிரெட் உயரத்தைக் கழிக்க மறக்கக் கூடாது. மறந்தால் ஒரு மி.மீ.-க்கு மேல் தடித்த நெக் வந்து சேரும். பிறகு தோள். ஊசி வரிசை உள்ள காண்டூர் கேஜை 1, 7, 12 ஃபிரெட்களில் முதுகில் அழுத்தி, வந்த வடிவத்தைத் தடித்த அட்டையில் வரைந்து வெட்டுங்கள். கேஜின் ஊசிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிமன் என்பதால் கோடு படிப்படியாக வரும். அட்டையை நெக்கில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி ஒழுகும் இடங்களை உப்புத்தாளால் திருத்த வேண்டும். ஒளி எங்கும் தெரியாத அட்டை கிடைத்துவிட்டால் அதுவே செய்பவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகச் சிறந்த ஆவணம். எந்தப் பக்கம் தடித்த தந்தி என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

அட்டை அனுப்ப வழியில்லை என்றால் ஒரே ஓர் எண்ணாவது கொடுங்கள்: முதல் ஃபிரெட்டில் முதுகின் உச்சியிலிருந்து 5 மி.மீ. உள்ளே நெக்கின் அகலம் எவ்வளவு. 42 மி.மீ. அகலம், 21 மி.மீ. தடிமனில் 6 மி.மீ. பலகை நீங்கலாக மீதி முதுகை நீள்வட்டமாக வரைந்து பார்த்தால் இது 31 மி.மீ. வரும், உருண்டையான சி. 35-ஐத் தாண்டினால் தோள் நிரம்பிய டி. 27-க்குக் கீழே இறங்கினால் வி-யின் பக்கம் போகிறோம். எழுத்தைவிட இந்த எண் பல மடங்கு பேசும்.

இரண்டு தடிமன்களுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் தடித்ததை எழுதுங்கள். ஃபிரெட் அடித்து, தந்தி கட்டி, முதுகுக்கு ஃபினிஷ் பூசும் முன்பு ஒருமுறை வாசித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். நேரில் போக முடிந்தால் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிடலாம். அந்தக் கட்டத்தில் தோளில் அரை மி.மீ. எடுப்பது அரைமணி நேர வேலை. பூசிய பிறகு அதே வேலைக்கு முழு நெக்கையும் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும்.

பூச்சும் வடிவத்தின் ஒரு பகுதியாகவே கைக்குத் தெரிகிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் வியர்த்த கை பளபளப்பான பூச்சில் ஒட்டும், எவ்வளவு நல்ல வடிவமானாலும் வழுக்காது. சாட்டின் பூச்சோ, எண்ணெயும் மெழுகும் மட்டும் போட்ட முதுகோ அங்கே நன்றாக இருக்கும். எண்ணெய் மட்டும் போட்ட மேப்பிள் ஈரத்தை உறிஞ்சும், அதனால் வறுத்த மேப்பிள் கேட்பது நல்லது, அது ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. ஏசி அறையில் செய்து முடித்த கிட்டார் புழுக்கத்துக்கு வந்ததும் நெக் சில வாரம் நகரும். வந்த அன்றே டிரஸ் ராடைத் திருகாமல், வாசிக்கும் அறையில் தந்தி கட்டியபடியே இரண்டு வாரம் விடுங்கள். பிறகு முதல் ஃபிரெட்டில் தந்திகளை அழுத்தும் கவ்வியான கேப்போ போட்டு, நெக் பாடியில் சேரும் இடத்து ஃபிரெட்டை அழுத்தி, 8வது ஃபிரெட்டில் மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் ரிலீஃப் அளந்து 0.25 மி.மீ.-க்குக் கொண்டுவாருங்கள். ஆக்‌ஷனை அதற்குப் பிறகு தொடலாம்.